காலண்டருக்குப் பின்னால் இரண்டு துளைகள்

சென்ற மாதம் கடைசிச் செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, யாரிடமும் கலந்தாலோசிக்காமல், முழு நினைவோடு, இந்த வீட்டின் வைஃபை பெட்டி இனிமேல் முன்கட்டில் இருக்காது, அடுப்படியில் இருக்கும் என்று முடிவு செய்தேன். வீடு கட்டிய நாளிலிருந்து இதற்கு ஈடான ஆட்சி மாற்றம் இங்கே நடந்ததில்லை. வெளியிலிருந்து வந்த எந்தப் பொருளும் முதலில் முன்கட்டில்தான் உட்கார்ந்திருக்கிறது. ரேடியோ, மின்விசிறி, டிவி, டெலிபோன் எல்லாம் அப்படித்தான். அவை கிழடாகி, தட்டினால்தான் ஓடும் என்ற நிலைக்கு வந்த பிறகு பின்கட்டுக்கு அனுப்பப்பட்டன. புத்தம் புதிதாக ஒரு பொருள் நேராக அடுப்படிக்குப் போவது இதுதான் முதல் முறை என்று எழுத நினைத்தேன். பிறகு உன் ஞாபகம் வந்தது. இது இரண்டாவது முறை.

மேசைமேல் ஒரு வயர் கிடக்கிறது. பழைய டெலிபோன் வயர், இரட்டை இழை. ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்திருக்கும். இப்போது வெற்றிலை போடுகிறவர்களின் பல் நிறம். தொட்டால் விரலில் செங்கல் பொடி ஒட்டுகிறது. முகர்ந்தால் சுண்ணாம்பும் ஈரமும் கலந்த, சுவருக்குள் மட்டுமே இருக்கும் வாசனை. நான் வளைகுடாவில் பல வருடம் சரக்குக் கிடங்கு பார்த்தவன். எந்தப் பொருள் எந்த அலமாரியில் இருந்தது, எந்த வழியாக வெளியே போனது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன் என்ற கர்வம் உண்டு. என் சொந்த வீட்டுச் சுவருக்குள் இந்த வயர் போன வழியைச் செவ்வாய்க்கிழமைதான் பார்த்தேன்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். நீ கண்ணை மூடி நான்கு வருடம் ஆகிறது. அதற்குள் உனக்குத் தெரியாமல் சில விஷயங்கள் நடந்திருக்கின்றன.

நம் மகள் நஸீரா திரும்பி வந்துவிட்டாள். நீ போன மறு வருடமே. மணவிலக்குக் கேட்டவள் அவள்தான். மாப்பிள்ளைதான் அவளை விலக்கிவிட்டார் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அவள் திருத்தினாள். அது ஊருக்கு இன்னும் பிடிக்காமல் போயிற்று. இங்கே வந்த பிறகு ஒரு வேலை தேடிக்கொண்டாள். வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளின் நோய்க் குறிப்புகளுக்கு எண் போடும் வேலை. அங்கே யாருக்காவது கால் முறிந்தால், நம் பின்கட்டில், நீ அரிசி மூட்டை வைத்திருந்த அறையில், அந்தக் காலுக்கு ஒரு எண் கிடைக்கும். கம்பெனி சென்னையில் இருக்கிறது. வேலையை வீட்டிலிருந்தே செய்யலாம். ஆனால் வாரத்தில் மூன்று நாள் வீடியோவில் முகம் காட்டிக் கூட்டத்தில் பேச வேண்டும்.

முகம் காட்டத்தான் வழியில்லை. வைஃபை பெட்டி முன்கட்டில். நடுவில் கூடம். அதற்குப் பின்னால் அடுப்படி. அதற்கும் பின்னால் அவள் அறை. ஒவ்வொரு சுவரும் இரண்டடி கனம். வைஃபை கூடம் வரைக்கும் வந்து அங்கேயே படுத்துவிடும். செல்போன் சிக்னலோ பின்கட்டில் ஒரு புள்ளி காட்டும், அதுவும் மரியாதைக்கு. ஆகவே கூட்டம் என்றால் நஸீரா லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு முன்கட்டுக்கு வருவாள். முன்கட்டில் என் அண்ணன் இருப்பார்.

அண்ணனை நீ மறந்திருக்க மாட்டாய். பக்கத்து வீட்டில் தூங்கி நம் முன்கட்டில் வாழ்கிறவர். இப்போதும் காலை ஒன்பது மணிக்கு வந்து, காலண்டருக்குக் கீழே அதே மர நாற்காலியில் உட்காருகிறார். ஊரில் வாய்க்கால் தகராறு, கல்யாணத் தகராறு எல்லாம் அங்கேதான் வருகின்றன. மாலை ஐந்து மணிக்குத் துபாயில் இருக்கும் மகனோடு முகம் பார்த்துப் பேசுவார். நம் வைஃபையில்தான். தம்பி வீட்டு வைஃபை இருக்கும்போது ஃபோனில் எதற்கு டேட்டா என்பது அவர் கட்சி. நஸீரா கூட்டத்தில் பேசிக்கொண்டிருக்கும்போது வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால், “உள்ள போம்மா, ஆளு வருது” என்பார். அவள் லேப்டாப்போடு எழுந்து உள்ளே போவாள். கூடத்தில் அவள் முகம் உறையும். அடுப்படியில் அவள் காணாமல் போவாள். இப்படி இரண்டு முறை. கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது: ஒன்றாம் தேதிக்குள் லைன் சரியாகவில்லை என்றால் சென்னை அலுவலகத்துக்கு வந்து உட்கார வேண்டும், இல்லையென்றால் வேலை இல்லை.

அண்ணனிடம் அதற்கு விடை தயாராக இருந்தது. மனைவியை இழந்த ஒரு அரிசி மில்காரர். “வேலை போனா என்ன, நல்ல எடம்” என்றார். நஸீரா சென்னையில் பெண்கள் விடுதிகளின் பட்டியல் எடுத்துக்கொண்டிருந்தாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த மௌனம் எனக்குப் பழக்கமானது. உன்னுடையது. அவள் சென்னைக்கு ஆசைப்பட்டுப் போனால் பஸ் ஏற்றிவிட்டு வருவேன். “உள்ள போம்மா” என்பதற்குப் பயந்து போவதை நான் இந்த வீட்டில் அனுமதிப்பதாக இல்லை.

தஞ்சாவூருக்குப் போய் மெஷ் வாங்கி வந்தேன். மூன்று வைஃபை பெட்டிகள். வீட்டின் மூன்று இடத்தில் வைத்தால், மூன்றும் ஒரே பெயரில், ஒன்று விட்ட இடத்தை மற்றது பிடித்துக்கொள்ளும். பெட்டிகள் காற்றிலேயே பேசிக்கொள்ளும், வயர் வேண்டியதில்லை என்று கடைக்காரர் சொன்னார். அவர் நம் வீட்டுச் சுவரைப் பார்த்ததில்லை. நான் வயர்தான் என்று சொல்லிவிட்டேன். இந்தக் காலத்தில் போய் வயரா என்று சிரித்தார். இந்தக் காலத்தில் போய் முன்கட்டா என்று அவரிடம் சொல்லத் தோன்றியது, அவருக்குப் புரிந்திருக்காது.

நான் மெஷ் போடப் போவது தெருவில் எப்படியோ பரவியது. மறுநாள் காலை அண்ணன் நாற்காலியில் உட்காராமலேயே கேட்டார்.

“என்னடா, வீட்டுல மெஸ் வைக்கப் போறியாமே?”

“மெஸ் இல்லண்ணே. மெஷ்.”

“அதத்தான் நானும் சொல்றேன். யாரு சமைக்கிறது, நஸீராவா?”

“சமையல்லாம் இல்லண்ணே. மூணு பொட்டி வாங்கியிருக்கேன்.”

“பார்சல் வேறயா?” அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். “நம்ம அத்தா நாலு ஊருக்கு நெல்லு அனுப்புனவரு. அவரு மவன் சோத்தக் கட்டி விக்கப் போறான்.”

விளக்குவதற்கு அரை மணி நேரம் ஆனது. அதற்குள் இரண்டு பேர் வந்து மாதச் சாப்பாடு உண்டா, வெள்ளிக்கிழமை பிரியாணியா என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். கடைசியில் அண்ணனுக்குப் புரிந்தது.

“இன்டர்நெட்டா? அதுதான் இங்க இருக்கே.”

“பின்னால இல்லண்ணே.”

“பின்னால எதுக்கு?”

அந்தக் கேள்வியை நானே ஒரு முறை கேட்டிருக்கிறேன். உன்னிடம், எழுத்தில்.

டெலிபோன் வந்த காலம் அது. நான் அங்கிருந்து வாரம் ஒரு முறை கூப்பிடுவேன். அண்ணன் எடுப்பார். தொண்டையைச் செருமுவார். ஊர் சேதி, மழை சேதி, தண்ணீர் திறந்த சேதி எல்லாம் சொல்லி முடித்த பிறகு உள்ளே குரல் கொடுப்பார். நீ கையைத் துடைத்துக்கொண்டு வருவாய். ரிசீவரைக் கதவுக்குப் பின்னால் இழுத்து வைத்துக்கொண்டு மூன்று வாக்கியம் பேசுவாய்: “நல்லா இருக்கேன். புள்ள நல்லா இருக்கு. வச்சுரவா?” ஒவ்வொரு வாரமும் அதே மூன்று. நான் கடிதத்தில் குறைபட்டுக்கொண்டேன், என்னிடம் பேச உனக்கு ஒன்றுமே இல்லையா என்று. நீ ஒற்றை வரியில் பதில் எழுதினாய்: “உங்க அண்ணன் காது கேக்குற தூரத்துல எனக்கு வாய் கிடையாது.” அதோடு ஒரு கோரிக்கை. அடுப்படியில் இன்னொரு ஃபோன் வைக்க வேண்டும். விண்ணப்பத்துக்கு என் கையெழுத்து தேவை.

நான் இரண்டு பக்கம் எழுதினேன். நிறையப் படித்தவன் அல்லவா. குடும்பம் என்ற அமைப்பைப் பற்றி, முறைகளைப் பற்றி, அவற்றை மெல்ல மெல்லத்தான் மாற்ற முடியும் என்பது பற்றி. முற்போக்கான கடிதம். அதன் சுருக்கம், பின்கட்டுக்கு ஃபோன் எதற்கு என்பது.

நீ பதில் எழுதவில்லை. பீரோவைத் திறந்தாய்.

அந்தக் காலத்தில் வெளிநாட்டுக்குப் போகிற நாங்கள் எல்லோரும் செய்துகொண்டிருந்த காரியம்தான். கிளம்புவதற்கு முந்தின நாள் பத்து வெள்ளைத் தாளில் கீழே கையெழுத்துப் போட்டு மனைவியிடம் கொடுத்துவிட்டுப் போவோம். ரேஷன் கார்டு, பள்ளிக்கூடம், பட்டா மாறுதல், எதற்காவது வேண்டியிருக்கும். புருஷன் ஊரில் இருக்க மாட்டான். அவன் கையெழுத்து இருக்கும். நீ அதில் ஒரு தாளை எடுத்து, என் கையெழுத்துக்கு மேலே, என் மனைவிக்கு அடுப்படியில் ஃபோன் அவசியம் என்று நானே கெஞ்சிக் கேட்டுக்கொள்வதாக விண்ணப்பம் எழுதினாய்.

எனக்கு அது தெரியாது. ஒரு நாள் வழக்கம்போலக் கூப்பிட்டேன். மணி அடித்தது. அண்ணனின் தொண்டைச் செருமல் வரவில்லை. கடுகு வெடிக்கும் சத்தம் வந்தது.

“யாரு?”

“நான்தான்.”

“தெரியுது. இருங்க, அடுப்ப அணச்சுட்டு வர்றேன்.”

வந்தாய். அன்றைக்குத்தான் முதல் முறையாக நீ என்னைத் திட்டினாய். அந்த இரண்டு பக்கக் கடிதத்தை வரி வரியாக எடுத்துத் திட்டினாய். எனக்கு மனைவி இருக்கிறாள் என்று அன்றுதான் உறுதியாகத் தெரிந்தது. நடுவில், அடுப்படியில் எடுத்தால் முன்கட்டு ஃபோன் ஊமையாகிவிடும்படி ஒரு சுவிட்ச் வைத்திருப்பதாகவும் சொன்னாய். வயர் எப்படி வந்தது என்று கேட்டேன். “வெளிய சுத்தி” என்றாய். அண்ணனிடமும் அதையே சொல்லியிருக்கிறாய். நாங்கள் இரண்டு பேரும் நம்பினோம். இரண்டு பேருமே அந்தப் பக்கம் போய்ப் பார்த்ததில்லை. பின்வாசல் பெண்களுக்கும் மீன் கொண்டுவருகிறவருக்கும் உரியது என்பது இந்த வீட்டின் எழுதாத சட்டம்.

செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். ஒன்றாம் தேதிக்கு நான்கு நாள் இருந்தது. லைன் இழுக்க கோவிந்தராஜ் வந்தார். டெலிபோன் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது இன்டர்நெட் லைன் இழுக்கிறார். நீடாமங்கலம் கேட்டில் இரண்டு ரயிலுக்கு நின்றுவிட்டு வந்ததாகச் சொன்னார். பெட்டியை அடுப்படிக்கு மாற்ற வேண்டும் என்றேன். தெருவிலிருந்து வரும் ஃபைபரை முன்கட்டுச் சுவரில் துளை போட்டு உள்ளே கொண்டு போகலாம் என்று சொல்லி, ட்ரில்லை எடுத்தார். அண்ணன் நாற்காலியிலிருந்து எழுந்தார். எழுந்து உள்ளங்கையைச் சுவரில் வைத்தார்.

“இது எங்க அத்தா கட்டுன செவுரு. இதுல ஒரு ஓட்ட விழக்கூடாது.”

“அப்ப வெளிய சுத்தித்தான் வரணும், பெரிய பாய்” என்றார் கோவிந்தராஜ். “அது உங்க கொல்லைப்பக்கமாத்தான் வரும்.”

“எங் கொல்லைப்பக்கமும் வரக்கூடாது.”

நான் நிதானமாகச் சொன்னேன், “அண்ணே, இந்த வீட்டுப் பட்டா என் பேர்ல இருக்கு.”

“பட்டா ஒம் பேர்ல இருக்கட்டும். முன்கட்டு எம் பேர்ல இருக்கு.”

சட்டப்படி இதற்குப் பதில் உண்டா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். நஸீரா கூடத்து நிலையில் சாய்ந்து நின்றிருந்தாள். கையில் அந்தக் கம்பெனிக் கடிதம். அவளைப் பார்த்தேன். கோவிந்தராஜிடம் திரும்பி, “ட்ரில்லப் போடுங்க, நான் பாத்துக்கறேன்” என்றேன். ஐம்பது வருடத்தில் அண்ணன் முன்னால் நான் போட்ட முதல் உத்தரவு அது.

கோவிந்தராஜ் அசையவில்லை. தலையைச் சொறிந்தார்.

“புது ஓட்ட எதுக்கு பாய்? அக்கா போட்டது இருக்குதே.”

“எந்த அக்கா?” என்றார் அண்ணன்.

“வீட்டுக்கார அக்காதான். மௌத்தாயிட்டாங்கல்ல, அவங்க.”

சொல்லிவிட்டு, அண்ணனின் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தி, காலண்டரைக் கழற்றினார்.

இரண்டு துளைகள் இருந்தன. ஒரு சாண் இடைவெளி. ஒன்றில் இந்த வயரின் நுனி மடித்துச் செருகியிருந்தது. இன்னொன்றில் பழைய துணி அடைத்திருந்தது.

“ரெண்டு எதுக்கு?” என்று கேட்டேன்.

“மொத வெள்ளிக்கிழம எடுத்தது தப்பாப் போச்சு பாய். இந்தப் பக்கம் நான் அளந்தேன், அந்தப் பக்கம் அக்கா அளந்தாங்க. நடுவுல சந்திக்கல. அதுக்குள்ள ஜும்ஆ தொழுக முடிஞ்சு ஆளுங்க வர்ற சத்தம் கேட்டுது. அக்கா காலண்டர மாட்டிட்டு, அடுத்த வெள்ளிக்கிழம வாங்கன்னாங்க. மறுவாரம் பாங்கு சொன்ன ஒடனே வந்து, தொழுக முடியறதுக்குள்ள, கூடத்துக் கரண்டு பைப்புக்குள்ள வயர விட்டு முடிச்சுட்டோம்.”

அண்ணன் சுவரையே பார்த்தார். “நான் இங்கதானடா உக்காந்திருக்கேன்.”

“ஆமா பெரிய பாய். அந்த ஒரு வாரமும் ஓட்டைக்கு நேர் கீழதான் உக்காந்திருந்தீங்க. கடைத்தெருவுல பாத்தா நான் வேற சந்துல திரும்பிருவேன்.”

நஸீரா சிரித்தாள். திரும்பி வந்த பிறகு முன்கட்டில் அவள் சிரித்து நான் கேட்டதில்லை.

ஒவ்வொரு புது வருடமும் அரிசிக் கடையில் பெரிய காலண்டராகக் கேட்டு வாங்கி வரச் சொல்வாய். சிறியதைக் கொண்டுவந்தால் திருப்பி அனுப்புவாய். தொழுகை நேரம் பெரிய எழுத்தில் இருக்கும் என்பதால் என்று நினைத்திருந்தேன். உன் பக்தியைப் பற்றி நண்பர்களிடம் பெருமையாகக்கூடச் சொல்லியிருக்கிறேன். நீ போன பிறகும் பழக்கத்தில் பெரியதையே வாங்கி மாட்டிவந்தேன். ஆக, நான்கு வருடம் உன் ரகசியத்தை நானும் காப்பாற்றியிருக்கிறேன், ரகசியம் என்னவென்று தெரியாமலே.

கோவிந்தராஜ் புது ஃபைபரின் நுனியை உன் வயரின் நுனியோடு சேர்த்து டேப் சுற்றினார். அந்தப் பக்கம் அடுப்படியில் நஸீரா இழுத்தாள். “மெதுவாம்மா, ஒடஞ்சிரும்” என்று இவர் இங்கிருந்து கத்த, “வருது, வருது” என்று அவள் அங்கிருந்து கத்த, நான் கூடத்தில் நின்றேன். ஓரிடத்தில் சிக்கியது. சோப்பு கேட்டார், குளியலறையிலிருந்து எடுத்து வந்து கொடுத்தேன். என் பங்களிப்பு அது. சோப்பு தடவியதும் நகர்ந்தது. உன் வயர் அங்குலம் அங்குலமாக அடுப்படிப் பக்கம் வெளியே வந்தது, பின்னாலேயே புதியதை இழுத்துக்கொண்டு.

நீ ஃபோன் வைத்திருந்த அதே மாடத்தில் முதல் பெட்டி உட்கார்ந்தது. அங்கிருந்து நஸீராவின் அறைக்கு இன்னொரு வயர் போக வேண்டும். அந்தச் சுவரில் துளை இல்லை. ட்ரில்லை வாங்கி நானே போட்டேன். கோணலாகத்தான் வந்தது. பரவாயில்லை, ஒரே தடவையில் மறுபக்கம் வந்துவிட்டது. அந்த விஷயத்தில் உன்னை முந்திவிட்டேன். நீ ஊரே பள்ளிவாசலில் இருக்கும் நேரம் பார்த்துச் செய்ததை நான் செவ்வாய்க்கிழமை, அண்ணன் முன்கட்டில் இருக்கும்போதே செய்தேன். இதை வீரம் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். முப்பது வருடத் தாமதம் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

மூன்றாவது பெட்டி முன்கட்டுக்கென்று வாங்கியது. அடுப்படியிலிருந்து முன்கட்டுக்குத் திரும்ப ஒரு வயர் வர வேண்டும். உன் துளையில் ஃபைபருக்கு மட்டும்தான் இடம் இருக்கிறது. தடித்த வயர் நுழையாது, தப்பாகப் போன துளை பாதியில் நிற்கிறது, இன்னொன்று போட்டாக வேண்டும் என்றார் கோவிந்தராஜ். நான் அண்ணனிடம் முறையாகப் போய்க் கேட்டேன்.

“ஒரு தடவ சொன்னாச்சு. போடக்கூடாதுன்னா கூடாதுதான்.”

“சரிண்ணே” என்றேன். அவர் பேச்சை மதித்தேன். பெட்டி பிரிக்காத அட்டையோடு பீரோ மேல் இருக்கிறது.

ஒன்றாம் தேதி வந்து போனது. நஸீரா தன் அறையில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தாள். முகம் ஒரு தடவையும் உறையவில்லை. நடுவில் யாரையோ ஆங்கிலத்தில், வரி வரியாக, திட்டினாள். நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். குரல் உன்னுடையதுதான், இலக்கணம் மட்டும் கொஞ்சம் மேல். விடுதிப் பட்டியலைக் குப்பையில் பார்த்தேன். அரிசி மில்காரருக்கு அவளே ஃபோன் செய்து, மரியாதையாக, வேறு இடம் பார்க்கச் சொல்லிவிட்டாள். அண்ணன் அதற்காக என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. அமைதியான இரண்டு நாட்கள்.

இந்தக் கடைசிப் பக்கத்தை எழுதுவது அந்தப் பத்துத் தாளில் மிச்சமிருந்த ஒன்றில். உன் பீரோவில் துணிக்கு அடியில் இருந்தது. கீழே என் கையெழுத்து முன்பே இருக்கிறது: இளமையானது, கொஞ்சம் அலட்டலானது, கடைசி எழுத்தில் தேவையில்லாத ஒரு சுழி. எதை எழுதினாலும் அதற்கு மேலேயே முடித்துக்கொள்ள வேண்டும். மற்ற தாள்களில் என்னென்ன எழுதினாய் என்று எனக்கு முழுதும் தெரியாது. இனித் தெரியப் போவதும் இல்லை. என்னைக் கேட்காமல் நீ செய்த காரியங்களுக்கெல்லாம் கீழே என் கையெழுத்து இருக்கிறது. என்னிடம் இருக்கும் நற்சான்றிதழ் அது ஒன்றுதான். யார் கேட்டாலும் நான்தான் போட்டேன் என்று சொல்வதாக இருக்கிறேன்.

இன்னும் இரண்டு வரிக்கு இடம் இருக்கிறது. முன்கட்டில் இப்போது வைஃபை சிக்னல் இல்லை. அண்ணன் தினமும் மாலை ஐந்து மணிக்குப் பின்வாசல் வழியாக அடுப்படிக்கு வந்து, மணைப்பலகையில் உட்கார்ந்து துபாய்க்குப் பேசுகிறார்.